அத்திம்பேரின் அதிர்வுக் கோட்பாடு

அத்திம்பேரை நினைத்தால் எனக்கு முதலில் ஒரு எவர்சில்வர் டம்ளரின் ஓசைதான் கேட்கிறது. மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், பொங்கலையொட்டி நடந்த பட்டிமன்றத்தில், அவர் ஜிப்பாப் பையிலிருந்து அந்த டம்ளரை எடுத்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தார். ஸ்பூனால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். ணிங்கென்று எழுந்த ஓசை தெருமுனைவரை போய்த் திரும்பியது. அது அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு, "இப்போ இந்த டம்ளர் என்ன சொல்லித்து தெரியுமோ? 'என்னைச் சரியாத் தேய்க்கலை'ங்கறது. எங்காத்துல நேத்திக்குத் தேய்ச்சது நான்தான்" என்றார். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த என் அக்கா, அதாவது அவருடைய மனைவி, தலையில் அடித்துக்கொண்டாள்.

தலைப்பு, 'குடியிருப்பின் அமைதிக்குக் காரணம் மனிதர்களின் குணமா, அடுக்களையின் மணமா?' என்பது. குணம், மணம் என்று எதுகை அமைந்துவிட்டதால் அதைப் பற்றி யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வோம். பட்டிமன்றத்தின் அழகே அதுதான். சீட்டில் வந்த கட்சியைப் பரம்பரைச் சொத்துபோல் காப்பாற்ற வேண்டும். நீ இதை நம்புகிறாயா என்று பேச்சாளரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது ரசனைக்குறைவு. எனக்குக் 'குணம்' வந்தது. என்னுடைய குணத்தை அறிந்தவர்கள் அப்போதே சிரித்துவிட்டார்கள். யாரும் விரும்பாத 'மணம்' அத்திம்பேருக்குப் போனது.

அவர் புகுந்து விளையாடினார். உலகத்தில் எல்லாமே அதிர்கிறது, அணு அதிர்கிறது, கம்பி அதிர்கிறது, என் மனைவி கூப்பிட்டால் நானும் அதிர்கிறேன் என்று தொடங்கி, ஒவ்வொரு அடுக்களைக்கும் ஓர் அதிர்வெண் உண்டு என்று நிறுவினார். மூன்றாவது மாடியில் கோழி வறுத்தால் இரண்டாவது மாடி மாமியின் தயிர் உறையாது. நம் லிஃப்ட் ஏன் அடிக்கடி நின்றுவிடுகிறது? கீழே மீன் குழம்பு, மேலே பால் பாயசம். நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் எந்தப் பக்கம்தான் போகும், பாவம்! ஒத்த அதிர்வுள்ள சமையல் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அது சங்கீதம். ஒவ்வாத அதிர்வு புகுந்தால் இரத்தக் கொதிப்பு, மனஸ்தாபம், தண்ணீர் லாரி வராமை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எதிர்க்கட்சிப் பேச்சாளன் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று நடுவர் என்னைக் கண்டித்தார். பிறகு என் முறை வந்தது. மனித குணமே பெரிது என்று நான் முடித்தபோது கைதட்டியவள் என் மனைவி ஒருத்திதான். அதுவும் கொசு அடித்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அத்திம்பேர் ஹாட்பேக் பரிசு வாங்கினார்.

அவர் யார் என்பதைச் சொன்னால்தான் இதில் இருந்த வேடிக்கை புரியும். அவர் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த மகிமையும் அவரிடம் பரீட்சை எழுதாமல் தப்பியதில்லை. வீட்டில் வைத்தால் மன அமைதி தரும் என்று யாரோ கொடுத்த செப்புப் பிரமிடின் அடியில் ஒரு கிண்ணம் பாலும், வெளியே ஒரு கிண்ணம் பாலும் வைத்து மாலைவரை காவல் காத்தார். இரண்டுமே திரிந்தன. "பாலுக்கு மன அமைதி வரலை. பிரமிடுக்கு வந்துதான்னு கேட்டுப் பார்க்கணும்" என்றார். அக்காவுக்குத்தான் மன அமைதி போயிற்று, அது காப்பிக்கு வைத்திருந்த பால்.

மாலை நேரங்களில் அவர் கண்ணாடிக்கடை பாயிடம் இருப்பார். கோயில் குளத்துக்குப் பின்புறத் தெருவில் பாய்க்கு ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. அத்திம்பேர் கல்யாணமான புதிதில் அங்கேதான் முதல் கண்ணாடி போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து நட்பு. கடையில் வாடிக்கையாளருக்கு இருந்த ஒரே ஸ்டூலில் இவர் உட்கார்ந்துகொள்வதால் வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டுதான் எழுத்துப் பலகையைப் படிப்பார்கள். அவர்கள் தப்பாகப் படித்தால் இவர் திருத்துவார். "புரொபசர், நீ வாயத் தொறந்தா எனக்கு வியாபாரம் படுத்துக்கும். அவங்க கண்ணுதான் டெஸ்ட்டு, உன் கண்ணு இல்ல" என்பார் பாய். ரம்ஜானுக்கு ஒரு தூக்கு பிரியாணி பாய் வீட்டிலிருந்து வரும். அத்திம்பேர் தொடமாட்டார், நான் தொடுவேன். எங்கள் வீட்டாரின் சைவக் கொள்கை அத்திம்பேரிடம் பத்திரமாக இருந்ததால் எனக்கு அந்தக் கவலை இல்லாமல் போயிற்று.

பட்டிமன்றம் முடிந்த வாரத்தில் ஒரு நாள் லிஃப்டில் இரண்டாவது மாடி மாமி அத்திம்பேரைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அதிர்வு விஷயம் இன்னும் கொஞ்சம் சொல்லுங்கோளேன். எங்காத்துத் தயிர் நெஜமாவே உறைய மாட்டேங்கறது" என்றாள். "மாமி, அது சும்மா தமாஷ். உறை மோரை மாத்திப் பாருங்கோ" என்றார் அத்திம்பேர். மாமி அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று என்னிடம் பிறகு சொன்னாள். நானும் பலமுறை என்னைப் பற்றித் தாழ்த்திச் சொல்லியிருக்கிறேன், என்னை மட்டும் எல்லோரும் அப்படியே நம்பினார்கள்.

அடுத்ததாக, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தப் பேச்சைத் தட்டச்சு செய்து போட்டார்கள். கல்லை நீக்கி அரிசி களைவதுபோல் சிரிப்பை நீக்கிப் போட்டிருந்தார்கள். லிஃப்ட் இல்லை, தண்ணீர் லாரி இல்லை, டம்ளர் மட்டும் இருந்தது. கொஞ்ச நாளில் அது கோயம்புத்தூர் உறவினர் ஒருவரிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. அதற்குள் அத்திம்பேரின் படமும் பெயரும் சேர்ந்திருந்தன. பதவி உயர்வும் கிடைத்திருந்தது; அதில் அவர் ஒரு விஞ்ஞானி. நான் அதைக் காட்டியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவா என்னைப் பாஸ் பண்ண வெச்சுட்டாடா" என்றார். மறுப்பு எழுதிப் போடுகிறேன் என்றவர், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மறந்துவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை.

அடையாறில் ஒரு மூத்த குடிமக்கள் மன்றம் அவரைப் பேசக் கூப்பிட்டது. தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இன்னொரு கூட்டம். பொன்னாடை போர்த்தினார்கள். ஆட்டோவில் துணைக்குப் போவதும் பொன்னாடையை மடிப்பதும் என் வேலை. முதல் கூட்டத்தில் அவர் எல்லா நகைச்சுவைகளையும் சொன்னார். பிறகு லிஃப்ட் கதை விடுபட்டது. பிறகு மாமியின் தயிர் நகைச்சுவையாக இல்லாமல் உதாரணமாக வரத் தொடங்கியது. தி. நகரில் டம்ளரைத் தட்டினார். அது பேசவே இல்லை. ஓசை அடங்கியதும் மண்டபம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சுற்றிப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "ஏன் அத்திம்பேர், டம்ளர் தேய்க்கற ஜோக்கை விட்டுட்டேள்?"

"அந்த எடத்துல சிரிச்சுட்டா அடுத்த பாயிண்ட் போய்ச் சேர மாட்டேங்கறதுடா."

கல்லூரியில் காலமெல்லாம் அவர் உண்மையை மட்டும்தான் சொன்னார். ஒளி விலகுவதை, ஒலி பரவுவதைக் கரும்பலகை கொள்ளாமல் எழுதிச் சொன்னார். பிள்ளைகள் தூங்கினார்கள். இங்கே குறிப்பெடுத்தார்கள். முடிந்ததும் சூழ்ந்துகொண்டு, எங்கள் பிளாட்டில் இன்ன சமையல், இன்ன நோய் என்று வந்து சொன்னார்கள். ஆயுள் முழுக்க ஒருவருக்குக் கிடைக்காத வகுப்பு ஓய்வுபெற்ற பிறகு கிடைத்தால் அவர் என்ன செய்வார்? நானாக இருந்தால் முதல் பொன்னாடைக்கே விழுந்திருப்பேன். என்னை யாரும் கூப்பிடாததால் என் பகுத்தறிவு இன்றுவரை பழுதில்லாமல் இருக்கிறது.

வீட்டிலும் மாற்றம் தெரிந்தது. அக்கா வீட்டு வேலைக்கு வரும் அம்மா தன் டிபன் பாக்ஸை இனிமேல் கீழே வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டு வரவேண்டும் என்றார் அத்திம்பேர். அந்த அம்மா மாடிப்படியில் என்னைப் பார்த்து, "இன்னா சார், என் கருவாட்டுக்குள்ள கரண்டு ஓடுதாமே? எங்க வீட்டுக்கு அத்த வெச்சே லைட்டு போட்டுக்கலாமா, கேட்டுச் சொல்லு" என்றாள். நான் மேலே போய் அப்படியே சொன்னேன். பழைய அத்திம்பேர் எழுந்து போய் அவள் கையைக் குலுக்கியிருப்பார். இவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "உனக்கு எல்லாமே விளையாட்டு" என்றார்.

அந்த நேரத்தில்தான் பாய்க்கு வீடு தேவைப்பட்டது. அவர் குடியிருந்த பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். பள்ளி திறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். மகள் கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவனுக்கு வளைகுடாவில் வேலை என்பதால் கைக்குழந்தையோடு அப்பாவிடமே இருந்தாள். கடை இங்கே, பள்ளி அருகே; இந்தப் பக்கத்திலேயே வீடு கிடைத்தால் பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு அவள் வேலையைத் தொடரலாம். தூரம் என்றால் வேலையை விடவேண்டியதுதான். பாய் அலையாத தெரு இல்லை. எல்லாரும் மரியாதையாக உட்கார வைத்து, பெயரைக் கேட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி காலியாக இருந்தது. உரிமையாளர் வெளிநாட்டில். அசோசியேஷன் பார்த்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும் என்று விட்டிருந்தார். பாய் அத்திம்பேரிடம் கேட்டபோது நான் கூட இருந்தேன். "புரொபசர், உங்க பில்டிங்ல ஒரு வீடு காலியா கீதாமே. ஒரு வார்த்த சொன்னா என் பொண்ணு வேலை தப்பிக்கும்பா" என்றார். அத்திம்பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்க்கலாம் பாய்" என்றார். அன்றைக்கு அவர் ஸ்டூலிலிருந்து சீக்கிரம் எழுந்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அசோசியேஷன் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. செகரட்டரி தொடங்கினார். "எங்களுக்கு யார் மேலயும் ஒண்ணும் கெடையாது. பாய் தங்கமான மனுஷர். நான் போட்டுண்டிருக்கற கண்ணாடியே அவர் கடைதான். ஆனா சயின்ஸ்னு ஒண்ணு இருக்கே." இரண்டாவது மாடி மாமி, "எனக்கு ஏற்கெனவே பி.பி." என்றாள். முன்பெல்லாம் இப்படி ஒரு வீட்டை மறுப்பவர்கள் கொஞ்சம் முகம் சுளிக்க வேண்டியிருக்கும், கேட்பவர் கண்ணைத் தவிர்க்க வேண்டியிருக்கும். இப்போது அந்தச் சிரமம் எதுவும் இல்லை. வெறுப்பு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை, யாரும் உணரவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதிர்வு என்ற சொல் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. எல்லோரும் அத்திம்பேரைப் பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தனி மனுஷாளைப் பத்திப் பேச்சே இல்லை. ஒத்ததிர்வுன்னு ஒண்ணு இருக்கு. அது கலைஞ்சா ரெண்டு பக்கத்துக்கும் நல்லதில்லை. பாய் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார். என் அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் எழுந்தேன். "இது தமாஷா ஆரம்பிச்சது, யாருக்கும் ஞாபகம் இல்லையா?" என்றேன். "சீட்டுக் குலுக்கினோம். அவருக்கு மணம் வந்தது, எனக்குக் குணம் வந்தது. சீட்டு மாறி வந்திருந்தா இன்னிக்கு அவர் குணம்தான் பெரிசுன்னு ஊரெல்லாம் பேசிண்டிருப்பார், நான் அடுக்களையைப் பத்தி ஒளறிண்டிருப்பேன். ஒரு சீட்டை நம்பியா ஒரு குடும்பத்துக்கு வீடு இல்லேங்கறேள்?"

பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். செகரட்டரி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பிரமாதம் மாமா! இதை அப்படியே அடுத்த பொங்கலுக்கு வெச்சுக்கோங்கோ" என்றார். கைதட்டினார்கள். இந்தத் தடவை கொசு எதுவும் இல்லை. அவர் விளையாட்டாகச் சொன்னதைச் சத்தியம் என்று நம்பியவர்கள், நான் சத்தியமாகச் சொன்னதை விளையாட்டு என்று ரசித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர் முகத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். என் முகத்தில் நான்தான் இருந்தேன்.

மாடிப்படியில் ஏறும்போது அத்திம்பேரைக் கேட்டேன். "உங்களுக்குமா மறந்துபோச்சு? அன்னிக்கு விளையாட்டுக்குத்தானே பேசினேள்?"

அவர் நின்றார். "இல்லைடா. அன்னிக்கே நான் சீரியஸாத்தான் பேசினேன். நீங்கள்ளாம்தான் சிரிச்சேள்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லும்போது அவருக்கு இடது கண் சுருங்கும். சீட்டாட்டத்தில் அதை வைத்துத்தான் நான் பிழைத்து வந்தேன். அன்று கண் சுருங்கவில்லை. அந்தப் பொங்கல் மாலை அவருக்குள்ளேயே வேறாகிவிட்டிருந்தது. இப்போதும் அவர் பேசப் போகிறார். இப்போதும் நான் பொன்னாடை மடிக்கிறேன், அக்காவின் கணவர் ஆயிற்றே. எந்தக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். யாருடைய பாலையும் பரீட்சை செய்து பார்ப்பதில்லை.

"பாய்கிட்ட நீ சொல்லிடு. உனக்குத்தான் பக்குவமாப் பேச வரும்" என்றார் அன்று.

மறுநாள் போனேன். கடையில் பாயும் மகளும் இருந்தார்கள். கோடை விடுமுறை என்பதால் அவள் கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா நைனா. இன்னா, புரொபசர் இந்தப் பக்கமே காணோம்? ஸ்டூலு காலியாவே கீது, வியாபாரம் நல்லா ஓடுது" என்றார் பாய்.

"வீடு சரிப்படலை பாய்."

"ஓனரு இன்னா சொல்றாரு?"

"ஓனர் இல்லை. அசோசியேஷன்ல..." என்று இழுத்து, அதிர்வு, ஒத்ததிர்வு, டம்ளர் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பக்குவமாகப் பேசுகிறவன் என்ற பெயர் எனக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை.

பாயின் முகம் மலர்ந்தது. "அட, அந்த டம்ளர் மேட்டரா! அது நம்ம புரொபசர் எழுதினதாச்சே! சொந்தக்காரங்க அத்தினி பேருக்கும் நான்தானே அனுப்பிச்சேன். கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக்கினு கீறேன், 'பாத்துக்கோ, நம்ம தோஸ்து'ன்னு."

"படிச்சேளா பாய்?"

"முழுசா யாரு நைனா படிக்கிறா? மேல அவரு போட்டோ, கீழ அவரு பேரு. போதாதா?"

"நான் படிச்சேன் அத்தா" என்றாள் மகள், துடைப்பதை நிறுத்தாமல்.

"சொல்லலியேம்மா?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமாக் காட்டிக்கினு இருந்தீங்க."

பாய் போனை எடுத்தார். தன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். உதடு அசைந்தது. விரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டே போனது. படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். "தமிழ் நல்லாத்தான் கீது" என்றார். பிறகு, "டீ சொல்லிட்டு வரேன், இரு" என்று வெளியே போனார். டீக்கடை எதிரிலேயே இருந்தது, குரல் கொடுத்தால் வரும். அவர் தெருவைக் கடந்து நடந்தார். அடுத்த மாதம் அவர்கள் தூரத்தில் இருக்கும் கொட்டிவாக்கத்துக்குப் போனார்கள். அவள் வேலையை விட்டுவிட்டாள். ஆனால் அன்று அந்தக் கடையில் அது இன்னும் நடந்திருக்கவில்லை.

"அங்கிள்" என்றாள் அவள். "இது முதல்ல உங்க பில்டிங்ல காமெடியாப் பேசினதுதானாமே. அத்தா சொல்வாரு. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சீங்களாமே."

"ஆமாம்மா. இதுல பாதிதான் இருக்கு. சிரிப்பெல்லாத்தையும் எடுத்துட்டா."

"எந்த எடத்துல சிரிச்சீங்க?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. வகுப்பில் பின்பெஞ்சில் சிரிக்கிறவனிடம், எங்களுக்கும் சொல்லேன், நாங்களும் சிரிக்கிறோம் என்று ஓர் ஆசிரியை கேட்பதுபோல்தான் கேட்டாள். துடைத்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு நகைச்சுவையைத் திரும்பச் சொல்லும்படி என்னிடம் கேட்டு, நான் மறுத்ததாக யாரும் சொல்ல முடியாது. பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன். பேச்சு முழுவதும், ஒரு வரி விடாமல், அத்திம்பேரின் குரலோடு எனக்கு நினைவிருந்தது. அவளிடம் சொல்லக்கூடிய ஒரு வரியைத் தேடிக்கொண்டு, டீ வரும்வரை வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.